23,000 கி.மீ.யில் தேய்ந்த டைமிங் பெல்ட்: வெயில் மேல் பழி போடும் முன்

வண்டி 1.5 லிட்டர், 8 வால்வு, காமன் ரெயில் டீசல் ஹேட்ச்பேக். வாங்கி எட்டாவது வருடம் நடக்கிறது, கம்பெனி வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. தினசரி ஓட்டம் காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட் வரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஜல்லி லாரிகள் ஓடும் மண் சாலையிலும் போகும். மேனுவல் சொன்ன வருடக் கணக்கு வந்ததால் 84,000 கி.மீ.யில் ஒரு தனியார் ஷெட்டில் டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் மோதாமல் ஒரே கணக்கில் இயங்க வைக்கும் பல் பெல்ட்) மாற்றப்பட்டது. மேனுவல்படி அந்தப் புது பெல்ட் ஒரு லட்சம் கி.மீ. தாங்க வேண்டும். பதினாலு மாதத்தில், ஓடோமீட்டர் 1,07,000ஐத் தொட்டபோது, அது கழற்றிப் போடும் நிலைக்கு வந்துவிட்டது.

பெல்ட் அறுபடவில்லை. அது பெரிய அதிர்ஷ்டம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வலப்பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் 'சர்ர்' என்று உரசல் சத்தம் வந்தது, எஞ்சின் சூடானதும் அடங்கிவிட்டது. கூலன்ட் டப்பாவில் மாதத்துக்கு ஒரு டம்ளர் அளவு குறைந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் பெல்ட் கவரைத் திறக்கும் யோசனை வந்தது. தனித்தனியாகப் பார்த்திருந்தால் சத்தத்துக்கு ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளி பெல்ட்டையும், கூலன்டுக்கு ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

மேல் கவரைத் திறந்து பார்த்த மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் இப்படித்தான் சார் போகும். இன்னொரு பெல்ட்டு போட்டு விட்டுடறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க."

வேலூர், வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அதனால் இந்தக் காரணம் யார் காதிலும் சட்டென்று ஏறும். ஆனால் இன்றைய டைமிங் பெல்ட்டுகள் பெரும்பாலும் ஹெச்.என்.பி.ஆர். என்ற ரப்பரில் செய்யப்படுகின்றன. பழைய நியோபிரீன் பெல்ட்டுகளை விட அதிகச் சூட்டைத் தாங்குவதற்காகவே வந்த ரப்பர் அது. சூட்டில் ரப்பர் கெட்டுப் போவதும் உண்மைதான், ஆனால் அப்படிக் கெட்டால் அதற்கென்று ஒரு அடையாளம் இருக்கும். இந்தப் பெல்ட்டில் அந்த அடையாளம் எங்குமே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வெறும் பெல்ட்டை மாற்றியிருந்தால், மூன்றாவது பெல்ட்டும் இதே கதிக்குத்தான் போயிருக்கும்.

பெல்ட் சொன்ன சாட்சி

கழற்றிய பெல்ட்டைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. வெள்ளைத் துணி மேல் அப்படியே விரித்து, பகல் வெளிச்சத்தில் முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும். ஒரு சாண் நீளம் பார்த்துவிட்டு முடிவு சொல்பவர்களை நம்ப வேண்டாம், ஏனென்றால் சேதம் சில சமயம் நாலு பல் இடைவெளியில் மட்டுமே இருக்கும்.

முதலில் முதுகுப் பக்கம். சூட்டில் வெந்த ரப்பர் முதுகில் இறுகி, கண்ணாடி மாதிரி மினுங்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. குறுக்குவாட்டில் முழு அகலத்துக்கும் மெல்லிய வெடிப்புகள் ஓடும். இந்தப் பெல்ட்டின் முதுகு மங்கலாக, மெத்தென்று இருந்தது. நகம் பட்ட இடத்தில் தடம் விழுந்து மெல்ல மறைந்தது. அச்செழுத்துகூட முக்கால்வாசி படிக்கும்படி இருந்தது. வெயில் வாதம் இதோடு முடிந்தது.

அடுத்து பல் பக்கம். ஒவ்வொரு பல்லின் மேலும் நைலான் துணி உறை உண்டு, தேய்மானத்தைத் தாங்குவது அதுதான். இங்கே பல்லின் ஒரு சரிவில் துணி தேய்ந்து அடியில் இருக்கும் கருப்பு ரப்பர் தெரிந்தது. விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் நெறுநெறுவென்று ஒட்டியது, கடப்பாக்கல் அறுத்த இடத்தில் கிடக்கும் மாவு மாதிரி.

கடைசியாக விளிம்பு. கதையே அங்கேதான் இருந்தது. எஞ்சின் பக்க விளிம்பு புதிது போலவே இருந்தது. வெளி விளிம்பில் நூல் பிரிந்து, தேங்காய் நார் மாதிரி நாலைந்து இழைகள் தொங்கின. புதிதில் 27 மி.மீ. அகலமுள்ள பெல்ட். வெர்னியர் அளவுகோல் வைத்து எட்டு இடத்தில் அளந்ததில் 25.5 முதல் 26 வரை வந்தது. இந்த இழைகளை வெறும் துணி நூல் என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ட்டின் இழுவிசை முழுவதையும் தாங்கும் கண்ணாடி நார்க் கயிறுகள் அவை. விளிம்புக் கயிறு அறுந்தால் சுமை அடுத்த கயிற்றுக்குப் போகும், பிறகு அதற்கடுத்ததற்கு. தேய்மானம் போகப் போக வேகமெடுப்பது இதனால்தான்.

மற்ற நோய்களுக்கு வேறு முகம். எஞ்சின் ஆயில் பட்ட பெல்ட் ஊதி, பிசுபிசுத்து, பல் அடியோடு உரியும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆயில் சீல், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன் சீல், வால்வு கவர் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் அப்போது பார்க்க வேண்டும். டென்ஷன், அதாவது பெல்ட்டின் இழுப்பு, அதிகமானால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளம் வழவழப்பாகத் தேயும், ஓடும்போது ஊளைச் சத்தம் வரும். டென்ஷன் குறைந்தால் பல்லின் அடிவாரத்தில் வெடிப்பு விடும், பிறகு பல் தாவும். பெல்ட்டை மாட்டும்போது கூர்மையாக மடித்தோ உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பியோ விட்டிருந்தால் கண்ணாடி நார் அங்கேயே நொறுங்கியிருக்கும். அப்படிப்பட்ட பெல்ட் ஒருநாள் கத்தியால் வெட்டியது போல நேர்க்கோட்டில் அறுபடும், முன்னறிவிப்பே இருக்காது.

ஒற்றை விளிம்பு மட்டும் தேய்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெல்ட் நேராக ஓடவில்லை, ஏதோ ஒரு சக்கரம் சாய்ந்திருக்கிறது.

எந்தச் சக்கரம்

இந்த எஞ்சினில் ஒரே பெல்ட் மூன்று வேலை செய்கிறது. கிராங்கிலிருந்து சக்தி வாங்கி கேம் ஷாஃப்ட், ஹை பிரஷர் டீசல் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றுகிறது. டென்ஷனர் அதைத் தளராமல் பிடித்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு டென்ஷனர், வாட்டர் பம்ப் சக்கரங்களை மட்டும் காதைக் கிட்டே வைத்துச் சுழற்ற வேண்டும். நல்ல பேரிங் சத்தமில்லாமல், லேசான கிரீஸ் பிடிப்போடு சுழன்று நிற்கும். கிரீஸ் வற்றிய பேரிங் பம்பரம் மாதிரி வெகுநேரம் சுற்றும். 'நல்லா ஃப்ரீயா சுத்துது' என்று அதைப் பாராட்டி விட்டுவிடுவது ஷெட்டுகளில் வழக்கமாக நடக்கும் தவறு.

டென்ஷனர் சரியாக இருந்தது. வாட்டர் பம்ப் புல்லி விரல் நுனியில் 'டிக் டிக்' என்று ஆடியது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு ஆட்டம்தான், ஆனால் பெல்ட்டின் இழுப்பு ஏறும்போது அந்தப் புல்லி முழுக்கச் சாயும். சாய்ந்த புல்லி மேல் ஓடும் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், கிராங்க் பல்சக்கரத்தின் ஓரத் தகட்டில் உரசும். தகட்டின் உள்முகம் பாலிஷ் போட்டது போல மின்னியதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. காலையில் வந்த 'சர்ர்' சத்தமும் அந்த உரசல்தான்.

எவ்வளவு உரசல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல், பெல்ட்டில் சுமார் 120 பல் என்றால், கிராங்க் ஆறு சுற்று சுற்றும்போது பெல்ட் ஒரு சுற்று வரும். 2,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 330 தடவைக்கு மேல். சராசரி 45 கி.மீ. வேகத்தில் 23,000 கி.மீ. என்பது ஐந்நூறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆக, அந்த விளிம்பு சுமார் ஒரு கோடி தடவை தகட்டைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பம்ப் ஏன் போனது: போர் தண்ணி

பம்ப்பின் கீழ்ப்பக்கம் கடுகு அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியே கசிந்து தகவல் சொல்வதற்காக வைத்தது. அந்தத் துளைக்குக் கீழே காய்ந்துபோன வெள்ளைப் பொருக்கு ஒரு கோடாக இறங்கியிருந்தது. கசிவு சூட்டில் உடனே காய்ந்துவிட்டதால் தரையில் சொட்டவில்லை. வீட்டு வாசலில் ஈரம் தேடியவர்களுக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

நல்ல கூலன்ட் காய்ந்தால் அதன் நிறத்தில், பச்சையாகவோ ரோஸாகவோ பொருக்குக் கட்டும். இங்கே வெள்ளையாக, உப்புப் பூத்த சுவர் மாதிரி இருந்தது. கூலன்ட்டின் அடர்த்தி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால், கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் பத்து சதவீதத்துக்கும் கீழே. டப்பா குறையக் குறைய வீட்டுப் போர் தண்ணியையே ஊற்றி வந்திருக்கிறார்கள்.

பாலாற்றுப் படுகையில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் என்ன செய்தது என்பது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன கதை. குடிக்க உதவாத உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கும் உதவாது. கொதிக்கும் எஞ்சினுக்குள் அந்த உப்பு, பம்ப் சீலின் வழவழப்பான முகத்தில் படியும். சீல் முகம் கீறல் விழுந்து கசியும். கசிந்த நீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகும். பேரிங் ஆட்டம் காணும், புல்லி சாயும், பெல்ட் ஓரம் தேயும். கழற்றிய பம்ப்பின் சீல் முகத்தில் கிராமபோன் தட்டு மாதிரி வட்டக் கோடுகள் இருந்தன.

84,000 கி.மீ.யில் பெல்ட் மாற்றியபோது இந்தப் பம்ப் வெளியே கசிந்திருக்காது. 'ஒழுகல, எதுக்கு மாத்தணும்' என்று விட்டிருப்பார்கள். அந்தக் காலப் பில்லில் 'டைமிங் பெல்ட் 1' என்று மட்டும்தான் இருந்தது. டென்ஷனர் இல்லை, பம்ப் இல்லை. தளர்ந்த பழைய பெல்ட்டோடு ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருந்த பேரிங் மேல், சரியான இழுப்போடு ஒரு புதுப் பெல்ட்டைப் போட்டால் அதன் மிச்ச ஆயுள் வேகமாகத் தீரும். அதனால்தான் பெல்ட், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் சக்கரம், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரு செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அதே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும், லேபர் ஒன்றுதான்.

காணாமல் போன இரண்டு ஸ்குரு

பம்ப் மட்டும் குற்றவாளி என்றால் விளிம்பு மட்டும்தான் தேய்ந்திருக்க வேண்டும். பல்லில் துணி தேய்ந்ததற்கு இன்னொரு ஆள் இருந்தான். கீழ்க் கவரில் ஐந்து ஸ்குருவுக்கு மூன்றுதான் இருந்தது. வயர் போகும் ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் குரோமெட்டையும் காணவில்லை. கவர் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி.

ஜல்லித் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமம் உண்டு. அது சாதா எஃகைவிடக் கடினமானது. பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் உப்புத்தாள் வேலையை அது செய்யும். இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது: வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டி அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிப்பது. துரு பிடிக்காது என்று சொல்லி அடிக்கிறார்கள். கவர் ஒழுங்காக மூடியிருந்தால் பரவாயில்லை. திறந்த ஓட்டை வழியாகப் போனால் தூசியைப் பசையாக்கிப் பெல்ட்டில் ஒட்ட வைக்கும், ரப்பரையும் ஊற வைக்கும். மூடி சரியாக இருந்தாலும் வலது முன் சக்கரத்துக்கு உள்ளே அந்த ஸ்பிரே வேண்டாம் என்று வாஷ் பண்ணும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உப்புத்தாள் பெல்ட்டை மட்டும் தேய்க்காது, பல்சக்கரத்தையும் தேய்க்கும். நகத்தால் ஒவ்வொரு பல்லையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரம் கூராகவோ, நடுவில் பள்ளமாகவோ தட்டுப்பட்டால் சக்கரத்தையும் மாற்றியே தீர வேண்டும். இந்த வண்டியில் கிராங்க் சக்கரத்தில் மினுமினுப்பு மட்டும் இருந்தது, பள்ளம் இல்லை. ஓரத் தகட்டின் பிசிரை மட்டும் எடுத்துவிட்டு அதே சக்கரம் பயன்படுத்தப்பட்டது.

வேலை நடந்த விதம்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பிரிப்பது உத்தமம், ஏனென்றால் டென்ஷன் அளவு குளிர்ந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது. பேட்டரி நெகட்டிவ் கழற்றி, வலது முன் சக்கரமும் உள் லைனரும் எடுத்தாயிற்று. எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிய பிறகே, எஞ்சினைப் பிடித்திருக்கும் வலது மவுண்ட் கழற்றப்பட்டது. கட்டை இல்லாமல் ஜாக்கி முட்டுக் கொடுத்தால் சம்ப் நசுங்கி ஆயில் உறிஞ்சும் குழாய்க்கு வழி அடைபடும்.

அடுத்து வெளி பெல்ட், கிராங்க் புல்லி, கவர்கள். கிராங்க் போல்ட் மிக இறுக்கமாக இருக்கும். அதைத் திறக்க, எஞ்சினை டைமிங் குறியில் நிறுத்த நுழைக்கும் லாக் பின்னை முட்டாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அந்தப் பின் வளையும், டைமிங் ஒரு பாகையாவது நகரும், சில நேரம் பிளாக்கிலுள்ள துளையே விரியும். புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது, அல்லது ஃப்ளைவீலைப் பூட்ட வேண்டும். லாக் பின் என்பது டைமிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.

எஞ்சினை அதன் ஓட்டத் திசையிலேயே, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றி டைமிங் குறிக்குக் கொண்டுவர வேண்டும். குறி தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல் முன்னோக்கியே இன்னும் இரண்டு சுற்று சுற்றி வர வேண்டும். கிராங்க் பின், கேம் பின் இரண்டும் தடையில்லாமல் நுழைந்தன. அதாவது, பழைய பெல்ட் இவ்வளவு தேய்ந்தும் ஒரு பல்கூடத் தாவவில்லை. இது இரண்டாவது அதிர்ஷ்டம்.

கூலன்ட் வடித்து, பம்ப் கழற்றி, பழைய கேஸ்கெட் துணுக்கைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்தார்கள். இரும்புப் பிளேடு அலுமினிய முகத்தில் கோடு போட்டால் புதுப் பம்ப்பும் அந்தக் கோடு வழியாகக் கசியும். சிஸ்டம் முழுவதையும் டிஸ்டில்ட் வாட்டரால் மூன்று முறை அலசினார்கள். மூன்றாவது முறை வடிந்த தண்ணீர் தெளிவாக வந்த பிறகே புதுப் பம்ப். பெல்ட் அறையிலிருந்த தூசிப் பசையை பிரேக் கிளீனரும் துணியும் வைத்துத் துடைத்தார்கள். கெரசின் அடித்துக் கழுவவில்லை. சீல் ஓரத்தில் தங்கும் கெரசின் பிறகு புதுப் பெல்ட் மேல் சொட்டும். கிராங்க் முன் சீலும் கேம் சீலும் ஈரமில்லாமல் இருந்தாலும் கிராங்க் சீல் மாற்றப்பட்டது. சில நூறு ரூபாய்ப் பொருள்தான், ஆனால் பிறகு ஒழுகினால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

பெல்ட்டை மாட்டும் வரிசை முக்கியம். கிராங்கில் தொடங்கி, இழுப்புப் பக்கம் தளர்வே இல்லாமல் ஒவ்வொரு சக்கரமாகப் பல்லில் உட்கார வைத்து, தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும்படி முடிக்க வேண்டும். ஸ்குரு டிரைவரால் நெம்பித் தள்ளக் கூடாது. கையால் ஏறவில்லை என்றால் எங்கோ ஒரு பல் தவறியிருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் மேல் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசைக்கு இருக்க வேண்டும்.

டென்ஷனரில் ஒரு முள்ளும் ஒரு குறியும் இருக்கும். ஆலன் கீயால் திருப்பி முள்ளைக் குறிக்குக் கொண்டுவந்து நட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்கள். அளவு மேனுவலில் இருப்பதுதான், கைப்பக்குவத்துக்கு இதில் இடமில்லை. கிராங்க் போல்ட் புதியது. முதலில் டார்க், பிறகு கோண அளவு என்று இரண்டு கட்டமாக இறுக்கும் போல்ட்டுகள் நீண்டு கொடுக்கும் வகை, அவற்றை மறுபடி போடக் கூடாது. சில எஞ்சின்களில் கிராங்க் சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் கீ என்ற சிறு கட்டை கிடையாது, இந்தப் போல்ட்டின் அழுத்தம் ஒன்றுதான் டைமிங்கைப் பிடித்திருக்கிறது. அங்கே சக்கர முகத்தில் ஆயில் பிசுக்கு இருந்தாலே வழுக்கிவிடும்.

பின்களை எடுத்துவிட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. மறுபடி பின் நுழைகிறதா, முள் அதே குறியில் நிற்கிறதா என்று பார்த்தார்கள். முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. தளர்த்தி, திரும்ப வைத்து, மறுபடி இரண்டு சுற்று. இந்த இரண்டாவது சரிபார்ப்பைத் தவிர்க்கும் ஷெட்டில் வண்டியை விடாதீர்கள். பதினைந்து நிமிட வேலை அது, ஒரு எஞ்சினைக் காப்பாற்றுகிறது. கையால் சுற்றும்போது எங்காவது கட்டென்று முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிட வேண்டும். பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று பொருள்.

காணாமல் போன இரண்டு ஸ்குருவும் குரோமெட்டும் புதிதாகப் போடப்பட்டன. கூலன்ட் 50:50, டிஸ்டில்ட் வாட்டரில் கலந்தது. ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்று முழுவதும் வெளியேறி ஃபேன் இரண்டு தடவை ஓடும் வரை எஞ்சினை ஓட விட்டார்கள்.

செலவும், யார் கொடுப்பது என்ற கேள்வியும்

பெல்ட், டென்ஷனர் கிட் 7,000 ரூபாய் சுமாருக்கு, வாட்டர் பம்ப் 3,000, சீல், போல்ட், கூலன்ட் சேர்த்து 2,000, லேபர் 4,500. மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம். பெல்ட் அறுந்திருந்தால் எட்டு வால்வும் வளைந்து, ஹெட் இறக்கி, லேத்துக்குப் போய் வர இதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும்.

பழைய ஷெட்டின் பில்லில் உதிரி பாகத்துக்கு ஆறு மாத உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தது. பதினாலு மாதம் ஆகிவிட்டதால் அந்த வழியில் கேட்க முடியாது. பெல்ட் கம்பெனியையும் கேட்க முடியாது, ஏனென்றால் பெல்ட்டில் குறையில்லை. கேட்கக்கூடியது ஒன்றுதான்: செய்த சேவையில் குறைபாடு. இரண்டு ஸ்குருவும் குரோமெட்டும் போடாமல் மூடியது அவர்கள் தவறு. பம்ப் மாற்ற வேண்டும் என்று எழுத்தில் ஆலோசனை சொல்லாததும் தவறு. அவர்கள் சொல்லி, வண்டிக்காரர் வேண்டாம் என்றிருந்தால் கதை வேறு. போர் தண்ணி ஊற்றியது வண்டிக்காரர் தவறு, அதை மறைத்துவிட்டுக் கேட்பது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது.

முழுத் தொகையையும் கேட்காமல் லேபர் மட்டும் கேட்கப்பட்டது. கேட்ட விதம்தான் பலன் தந்தது. பெல்ட்டைக் கழற்றும் முன்பே ஓடோமீட்டர், காலியான ஸ்குரு துளைகள், பெல்ட் வண்டியில் இருக்கும் நிலை ஆகியவற்றை ஃபோட்டோ எடுத்தாயிற்று. வெர்னியர் அளவோடு விளிம்பு ஒரு படம், பம்ப் ஆட்டம் பதினைந்து நொடி வீடியோ. வேலை செய்த புது மெக்கானிக்கிடம் கண்டதை அவரது லெட்டர் பேடில் ஒரு பக்கம் எழுதி வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போனது, பதினைந்து நாள் அவகாசத்தோடு. பழைய ஷெட் முதலாளி புது ஷெட்டுக்கே வந்து பார்த்துவிட்டு லேபர் தொகையைக் கொடுத்துவிட்டார்.

கொடுக்கவில்லை என்றால் அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கழற்றிய பாகங்களை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

வாரன்டி முடிந்தும் எல்லா சர்வீஸையும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சர்வீஸ் வரலாற்றைக் காட்டி, குட்வில், அதாவது நல்லெண்ண அடிப்படையில் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்குமா என்று எழுத்தில் கேட்கலாம். இது சட்டப்படி உரிமை இல்லை, அவர்கள் விருப்பம். ஆனால் கேட்பதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். பிரித்து மாற்றிய பிறகு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் பார்க்கக்கூட மாட்டார்கள்.

இதே அறிகுறி உங்கள் வண்டியில் இருந்தால்

முதலில் உங்கள் எஞ்சினில் பெல்ட்டா, செயினா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் மேல் கவரின் கிளிப்புகளைத் திறந்து டார்ச் அடித்தாலே விளிம்பும் முதுகும் தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவும், யாரும் தெரியாமல் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. கவருக்குள் கருப்புப் பொடி, வெளியே தொங்கும் இழை, பம்ப் பக்கம் பொருக்கு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் நெடும்பயணம் வேண்டாம். உரசல் சத்தத்துக்குப் பெல்ட் ஸ்பிரே அடிக்கச் சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். டைமிங் பெல்ட்டில் எந்த ஸ்பிரேயும் படக் கூடாது.

ஓடும்போது எஞ்சின் சட்டென்று நின்று, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றினால் பெல்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகொண்டா டோலுக்குப் பக்கத்தில் நட்டநடு வெயிலில் நின்றாலும் மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் இன்னொரு வால்வை வளைக்கலாம். ரிக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

தூசியும் சூடும் அதிகமான ஓட்டத்துக்கு மேனுவலில் தனி அட்டவணை இருக்கும், பலர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. இந்த வண்டிக்கு அடுத்த மாற்றம் ஒரு லட்சத்துக்குப் பதிலாக 60,000 கி.மீ. அல்லது நான்கு வருடம், எது முந்தியோ அது என்று வைக்கப்பட்டது. பானட்டின் உள்பக்கம் 1,67,000 என்று எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முதல் 5,000 கி.மீ. முடிந்ததும் கவர் திறந்து பார்த்ததில் விளிம்பு 27 மி.மீ. அப்படியே இருந்தது, பொடி இல்லை, முள் குறியில் நின்றது, டப்பாவில் கூலன்ட் ஒரு கோடுகூட இறங்கவில்லை. பழைய பெல்ட்டும் பம்ப்பும் இரண்டு வருடக் கெடு முடியும் வரை சீல் வைத்த பையில் வீட்டுப் பரணில் இருக்கும்.